கழற்றி வைக்கப்பட்ட முகமூடி: ஒரு லாரி ஓட்டுநரின் உறக்க மூச்சுத்தடை

நாமக்கல் பகுதியைச் சேர்ந்த 47 வயதான ஒரு லாரி உரிமையாளர், தம் வண்டியைத் தாமே ஓட்டுபவர், மூன்று வகை மாத்திரைகள் எடுத்தும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை என்பதால் குடும்ப மருத்துவரால் எங்கள் நுரையீரல் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். குறட்டைக்காக அவர் வரவில்லை. அதை ஒரு நோயாக அவர் வீட்டில் யாரும் நினைத்ததும் இல்லை. அவருக்கு இருப்பது ஸ்லீப் அப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை, அதுவும் கடுமையான வகை என்று கண்டறிய எங்களுக்கு இரண்டு வாரம் போதுமானதாக இருந்தது. அவர் தாங்கிக்கொள்ளக்கூடிய சிகிச்சையைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவருடைய ஒப்புதல் பெற்றிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

முதல் வருகை

உயரம் 168 செ.மீ., எடை 83 கிலோ, பி.எம்.ஐ. 29.4. கழுத்துச் சுற்றளவு 42 செ.மீ. இரத்த அழுத்தம் 158/98. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னபோது உள்நாக்கின் அடிப்பகுதி மட்டுமே தெரிந்தது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். சர்க்கரை நோயாக இருக்குமோ என்று அவரே பயந்து இரண்டு முறை சோதித்துப் பார்த்திருக்கிறார், இல்லை. காலையில் எழும்போது தலை பாரமாக இருக்கும் என்றும், ஒரு டீ குடித்தால் போய்விடும் என்றும் சொன்னார்.

பகல் தூக்கத்தை அளக்க நாங்கள் பயன்படுத்துவது எப்வொர்த் அளவுகோல். மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட இந்தப் படிவத்தில் எட்டுச் சூழல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24-இல் 10-ஐத் தாண்டினால் மிகுந்த பகல் தூக்கம் என்று கொள்வோம். இவர் போட்டது 5. வாகனம் நெரிசலில் நிற்கும்போது கண்ணயர்வீர்களா என்ற கடைசிக் கேள்விக்கு மிகத் தெளிவாகப் பூஜ்யம் போட்டிருந்தார். ஓட்டுநர்கள் இந்தக் கேள்விக்கு உண்மை சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது நம்முடைய அப்பாவித்தனம் என்று இப்போது நினைக்கிறேன். உரிமமும் தவணையும் கையில் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கேள்வி மருத்துவக் கேள்வியாகக் காதில் விழுவதில்லை.

உண்மை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. அவருடைய மனைவியும், மாற்று ஓட்டுநராகக் கூடவே போகும் மனைவியின் தம்பியும் வந்திருந்தார்கள். "மூச்சு அப்படியே நின்னு போயிருதுங்க சார். நானும் எண்ணிப் பாப்பேன். அப்புறம் ஒரே இழுப்பா இழுப்பாருங்க. சில நாளு பயந்துபோயித் தட்டி எழுப்பி உட்டுருவேன்" என்றார் மனைவி. தம்பி சொன்னது அதைவிட முக்கியமானது. டோல் கேட் வரிசையில் நிற்கும்போது மாமாவின் தலை ஸ்டியரிங்கில் சாய்வதைப் பல முறை பார்த்திருக்கிறார். தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிவத்தை மறுபடி நிரப்பியபோது மதிப்பெண் 15.

சோதனை இரவு

மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, மூச்சுக் காற்றின் ஓட்டம், மார்பு வயிற்றின் அசைவு, ஆக்சிஜன் அளவு, படுக்கும் நிலை ஆகிய எல்லாவற்றையும் இரவு முழுவதும் பதிவு செய்யும் முழுமையான உறக்கப் பரிசோதனையே செய்தோம். ஒரு மணி நேர உறக்கத்தில் மூச்சு முற்றாக நின்ற தடவைகளையும் வெகுவாகக் குறைந்த தடவைகளையும் கூட்டி வரும் எண்ணை ஏ.எச்.ஐ. என்கிறோம், குறைந்தது பத்து நொடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். ஐந்துக்குக் கீழ் இயல்பு, முப்பதுக்கு மேல் கடுமை. இவருக்கு 38. மிக நீண்ட நிறுத்தம் 48 நொடி. ஆக்சிஜன் மிகக் குறைந்து இறங்கிய இடம் 76 சதவீதம்.

இந்த எண்களில் ஒன்றை அன்று நான் சரியாகக் கவனிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுத்திருந்தபோது ஏ.எச்.ஐ. 61; ஒருக்களித்துப் படுத்திருந்தபோது 17. அன்றிரவு அவர் ஏறத்தாழப் பாதி நேரம் மல்லாந்து கிடந்ததால்தான் சராசரி 38 என்று வந்தது. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்த இந்த வித்தியாசம் பின்னால் எங்களுக்குப் பெரிதும் உதவியது.

உறக்கத்தில் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகள் தளர்கின்றன. குறுகலான தொண்டையில் நாக்கும் மென்அண்ணமும் பின்னால் விழுந்து வழியை அடைக்கின்றன. மார்பு மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை ஒரு கணம் விழித்து, அட்ரினலின் பாய, தொண்டை திறக்கிறது. உறங்குபவருக்கு இது நினைவிலேயே இருப்பதில்லை. மணிக்கு 38 முறை இப்படி அதிர்ந்து எழும் உடலில் இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்படாததில் வியப்பில்லை. அடைத்த தொண்டைக்கு எதிராக மார்பு இழுக்கும்போது உள்ளே உண்டாகும் வெற்றிட அழுத்தம் இதயத்தின் மேலறையை விரிக்கிறது. விரிந்த அறை, இரத்தம் மிகுந்துவிட்டது என்று தவறாகப் புரிந்துகொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் இயக்குநீரைச் சுரக்கிறது. அவர் இரவில் மூன்று முறை எழுந்ததன் காரணம் இதுதான். இதை விளக்கியபோது அவருக்கு உண்டான நிம்மதி, நோயின் பெயரைச் சொன்னபோது உண்டான கவலையைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் முயற்சியும் என் குறிப்பும்

இரண்டாவது இரவில் சிபேப் கருவியைப் பொருத்தி அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தோம். 11 செ.மீ. நீரழுத்தத்தில் ஏ.எச்.ஐ. 4-ஆக இறங்கியது. ஒரு குழாய் வழியே முகமூடிக்கு வரும் காற்று, அடைபடும் தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. மருந்து எதுவும் இல்லை, அறுவை இல்லை. காகிதத்தில் பார்த்தால் சிக்கல் அன்றே தீர்ந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனம் கருவிக்குப் பணம் தர மறுத்ததால் அவர் கைக்காசு போட்டு வாங்கினார். கருவி விற்றவர்களே வீட்டுக்கு வந்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு முகமூடியைக் கொடுத்து, ஐந்து நிமிடம் விளக்கிவிட்டுப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து, கருவியின் பயன்பாட்டைப் பதிவு செய்யும் நினைவட்டையைக் கணினியில் போட்டுப் பார்த்தபோது சராசரிப் பயன்பாடு இரவுக்கு 1 மணி 40 நிமிடம். பல இரவுகளில் நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு பயன்பாட்டுக் கோடு அறுந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி இருக்குதுங்க. வயிறு உப்பிப் போயிருது. மூஞ்சியில தோலு உரியுது" என்றார். பழகப் பழகச் சரியாகும் என்றேன். இந்த நோயில் மருத்துவர்கள் அதிகமாகச் சொல்லும் வாக்கியம் இதுதான். அதிகமாகப் பொய்த்துப்போவதும் இதுதான். அன்றைய கோப்பில் "நோயாளியின் ஒத்துழைப்பு போதவில்லை" என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

அவர் அடுத்த நான்கு மாதம் வரவில்லை. கருவியைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்.

திரும்பி வர வைத்தது ஓர் அதிகாலை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி, தொப்பூர் கணவாயின் இறக்கத்துக்குச் சற்று முன்னால், மாமா கண்ணயர்ந்ததை மைத்துனர் பார்த்து ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். அந்த இறக்கத்தில் ஓட்டியவர்களுக்கு அது எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இருவரும் விடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்களாம். இந்த முறை எப்வொர்த் படிவத்தை அவரே நிரப்பினார்: 16.

இருபது நிமிடம்

அன்று மதியம் நோயாளிகள் குறைவு. கருவியையும் கொண்டுவந்திருந்ததால், பரிசோதனைப் படுக்கையில் படுத்து, வீட்டில் போடுவதுபோலவே போட்டுக் காட்டச் சொன்னேன். பத்து ஆண்டுகளாக இந்தக் கருவியை எழுதிக் கொடுத்துவரும் நான், ஒரு நோயாளி அதைத் தாமாக மாட்டிக்கொள்வதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தது அதுதான் முதல் முறை.

முதலில் வார்களை இறுக்கினார். காற்று கன்னத்தோரம் கசிந்து கண்ணில் பட்டது, மறுபடி இறுக்கினார். இறுக்கிய வார் முகமூடியை முகத்தோடு அழுத்த, அதன் கீழ்விளிம்பு தாடையைப் பின்னோக்கித் தள்ளியது. அதாவது, நாக்கு பின்னால் விழுந்து தொண்டை அடைவதைத் தடுக்க வேண்டிய கருவியே நாக்கைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. வாய் திறந்தது. 11 செ.மீ. அழுத்தம் தொடக்கத்திலிருந்தே முழுதாக வர, அவர் விழுங்க ஆரம்பித்தார். ஒவ்வொரு விழுங்கலுக்கும் காற்று இரைப்பைக்குப் போவது வெளியே தெரிந்தது. பத்து நிமிடத்தில் வயிறு மேடிட்டது. மூக்கின் பாலத்தில் பழைய புண் ஆறிய இடத்தில் தோல் சிவந்தது. இருபதாவது நிமிடத்தில் கையை உயர்த்தி, போதும் என்று சைகை காட்டினார்.

பிறகு குளிர்ந்த உலோகத் தகடு ஒன்றை மூக்கின் கீழே பிடித்து மூச்சு விடச் சொன்னேன். வலப்பக்கம் ஆவி நன்றாகப் படிந்தது. இடப்பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சாலைப் புழுதியிலும் டீசல் புகையிலும் இருபத்தைந்து ஆண்டு ஓட்டியவரின் மூக்கை முதல் வருகையிலேயே பார்த்திருக்க வேண்டும். அடைத்த மூக்கால் வாய் திறக்கிறது, வாய் திறப்பதால் முழு முகமூடி, முழு முகமூடியால் கசிவு, கசிவால் இறுக்கம், இறுக்கத்தால் புண். அவர் ஒத்துழைக்காதவர் அல்லர். அப்படிப்பட்ட ஒன்றை ஒரு மாதம் இரவுதோறும் 1 மணி 40 நிமிடம் தாங்கியவர்.

இந்தச் சிகிச்சையே ஒரு நோயாளியின் மறுப்பிலிருந்து பிறந்தது என்பதை அன்று மாலை நினைத்துக்கொண்டேன். 1980-இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவனிடம் வந்த கடுமையான மூச்சுத்தடை நோயாளிக்கு அக்காலத்தில் இருந்த ஒரே உறுதியான தீர்வு தொண்டையில் துளையிடுவது. அதை அவர் ஏற்கவில்லை. ஆனால் ஓர் ஊதுகருவியின் காற்றை மூக்கு வழியே செலுத்திப் பார்க்கச் சம்மதித்தார். அதுவரை விட்டுவிட்டு உறங்கியவர் அன்று தொடர்ந்து உறங்கினார். அவ்வாறு ஐந்து நோயாளிகளிடம் கண்டதைச் சல்லிவன் குழு 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்டது. அந்த முதல் நோயாளியையும் யாராவது "ஒத்துழைப்பு போதவில்லை" என்று எழுதி அனுப்பியிருக்கலாம்.

மாற்று வழிகள்

வேறு என்னென்ன உண்டு என்று அவர் கேட்டார், கேட்க வேண்டியதுதான். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கவ்வியைப் பற்றி முதலில் யோசித்தோம்; லாரியில் கொண்டுபோக அதைவிட எளிதானது எதுவும் இல்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள உறுதியான பற்கள் வேண்டும். புகையிலைப் பழக்கத்தில் அவருடைய கடைவாய்ப் பற்களில் பாதி போய்விட்டது, மிச்சமும் ஆடியது. "ஒரே ஆபரேஷன்ல முடிச்சுற முடியாதுங்களா?" என்றார். உள்நாக்கையும் மென்அண்ணத்தின் ஒரு பகுதியையும் நீக்கும் அறுவை 1980-களின் தொடக்கத்திலிருந்தே செய்யப்படுகிறது. ஆனால் அடைப்பு நாக்கின் அடியிலும் இருக்கும் ஒருவருக்கு அதன் பலன் நிச்சயமற்றது, வலி மட்டும் நிச்சயம். நாக்கு நரம்பைத் தூண்டும் பொருத்துகருவிக்கு அமெரிக்கா 2014-இல் அனுமதி அளித்தது. அது அவருடைய வரவுக்கு எட்டாதது. எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசிக்கு 2024 டிசம்பரில் உடல் பருமனோடு கூடிய மூச்சுத்தடைக்காக அங்கே அனுமதி கிடைத்திருப்பதையும் சொன்னேன். மாதச் செலவைக் கேட்டுவிட்டு, வண்டித் தவணையோடு ஒப்பிட்டு, சிரித்தார்.

எடையைக் குறைப்பது செலவில்லாதது. எடை பத்து சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. ஏறத்தாழக் கால் பங்கு குறையும் என்று 2000-இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வு காட்டியது. ஆனால் சாலையோரப் பரோட்டாவையும் இரவு பன்னிரண்டு மணிச் சாப்பாட்டையும் நம்பி வாழும் ஒருவரிடம் இதை மட்டும் சொல்லி அனுப்புவது கைகழுவுவதற்குச் சமம்.

ஆகவே சிபேப்புக்கே திரும்பினோம், வேறு வரிசையில். முதலில் மூக்கு: உப்புநீர்க் கழுவலும் ஸ்டிராய்டு ஸ்பிரேயும் நான்கு வாரம். பாதிக்குமேல் திறக்காததால் ஈ.என்.டி. மருத்துவர் மூக்கின் நடுத்தண்டை நேராக்கி, வீங்கிய பக்கவாட்டுத் திசுவைச் சிறிதாக்கினார். இந்த அறுவை மூச்சுத்தடையைக் குணமாக்காது, கருவியைப் போட வழிசெய்யும், அவ்வளவுதான் என்பதை இரண்டு முறை சொல்லிவிட்டே அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து மூக்கை மட்டும் மூடும் சிறிய முகமூடி. நிலையான 11-க்குப் பதில், தேவைக்கேற்ப 6 முதல் 12 வரை தானே ஏறி இறங்கும் அமைப்பு. மூச்சு விடும்போது அழுத்தம் சற்றுத் தளரும் வசதி. இரண்டு வாரத்துக்கு உறங்கும்போது போடவே வேண்டாம், மாலையில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பேரன் பேத்திகள் யானை என்று கூப்பிட்டார்களாம்.

மறந்திருந்த இரண்டாம் பக்கம் இங்கே உதவியது. ஒருக்களித்துப் படுத்தால் அவருக்குத் தேவையான அழுத்தமே குறைவு. அழுத்தம் குறைந்தால் வயிறு உப்புவதும் இல்லை. பழைய லுங்கியைச் சுருட்டி முதுகுப்புறம் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னேன். நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு நேரம் 8.6 செ.மீ. அழுத்தமே போதும் என்று அடுத்த நினைவட்டை காட்டியது.

காற்றழுத்த விவரங்களை அவரளவுக்கு விரைவாகப் புரிந்துகொண்ட நோயாளியை நான் பார்த்ததில்லை. ஏர் பிரேக் வண்டி ஓட்டுபவருக்குக் கசிவு என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. "லீக் 24-க்கு மேல போனா தப்புங்களா?" என்று எண்ணோடு கேட்டார். காற்றை ஈரமாக்கத் தண்ணீர் ஊற்றும் ஈரப்பதத் தொட்டியில் மட்டும் தடுமாறினார்: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, அடித்தட்டில் சுண்ணாம்பாய் உப்புப் படிந்த பின்பு கொண்டுவந்து காட்டினார், வண்டியில் இருக்கும் பேட்டரித் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்டபோது கொஞ்சம் உரக்கவே வேண்டாம் என்றேன். மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர் என்று முடிவாயிற்று.

வண்டிக்குள்

வீட்டில் சரியானது. அவர் மாதத்தில் பாதி நாள் வீட்டிலேயே இருப்பதில்லை. குஜராத் சரக்கு என்றால் போய்வரப் பத்துப் பன்னிரண்டு நாள். தூங்குவது கேபினில் இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. கருவியும் 24 வோல்டில் இயங்குவது. இருந்தாலும் நேரடியாக இணைக்காமல் கருவிக்குரிய டி.சி. கன்வெர்ட்டர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் குதிக்கும். மின்சாரத்தைப் பெரும்பகுதி தின்பது ஈரப்பதத் தொட்டியின் சூடேற்றி என்பதால் பயணத்தில் அதை நிறுத்திவிட்டோம். தொண்டை வறள்கிறது என்றார். ஆனால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாத நிலையைவிட அது மேல் என்றும் அவரே சொன்னார். காற்று வடிகட்டி வீட்டில் மாதக்கணக்கில் தாங்கும். கேபினில் ஒரு வாரத்தில் கறுத்துவிடுகிறது.

இப்போதைய நிலை

மூன்று மாத முடிவில், கடைசியாக வீட்டில் இருந்த 30 இரவுகளில் 24 இரவுகள் கருவி ஓடியிருக்கிறது, சராசரி 5 மணி 10 நிமிடம். மிஞ்சிய ஏ.எச்.ஐ. 5. எப்வொர்த் மதிப்பெண் 7. இம்முறையும் மைத்துனர் பக்கத்திலிருந்தார். சிறுநீருக்கு ஒரு முறை எழுகிறார், சில நாள் அதுவும் இல்லை. எடை 78 கிலோ. இரத்த அழுத்தம் 142/88, அதே மூன்று மாத்திரைகளோடு. இதில் ஏமாற்றமடைந்தவர் அவர், நான் அல்ல. சிபேப் இரத்த அழுத்தத்தைச் சராசரியாக ஓரிரு புள்ளிகள்தான் குறைக்கும், இவருக்கு இறங்கியதில் எடைக்கும் பங்கு உண்டு.

மாரடைப்பு வராமல் இந்தக் கருவி காக்குமா என்று அவர் கேட்டதற்கு ஆம் என்று என்னால் சொல்ல இயலவில்லை. 2016-இல் வெளியான சேவ் ஆய்வில், ஏற்கெனவே இதய அல்லது மூளை இரத்தநாள நோய் இருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களில், சிபேப் தந்த பிரிவில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் கருவியைப் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம் மட்டுமே என்பதால் இந்த முடிவை எப்படி வாசிப்பது என்று இன்றும் விவாதிக்கிறோம். பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன என்பதில் விவாதமில்லை. இவருக்கு வேண்டியது முதலில் அதுதான்.

பயணத்தில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. கடைசிக் குஜராத் பயணத்தின் 12 இரவுகளில் 7 இரவுகளே கருவி ஓடியது, சராசரி 3 மணி 20 நிமிடம். மீதி இரவுகளில் லுங்கிச் சுருட்டு மட்டும். நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை மைத்துனரே ஓட்டுவது என்று இருவரும் என் முன்னால் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இன்னும் நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் நினைவட்டையை மேசையில் வைத்துவிட்டு, இனி இரவில் ஓட்டலாமா என்று கேட்கிறார். பயணத்தின் இரவுகளும் வீட்டின் இரவுகளைப் போல் ஆகட்டும் என்று சொல்லி அடுத்த தேதியைக் குறித்துக் கொடுக்கிறேன்.